லூப் போட்டால் சொத்தை கூடுமா?

கேள்வி: எப்போதும் பார்க்கும் பல் டாக்டர் சொத்தை இல்லை என்றார். இன்னொருவர் கண்ணாடியில் லென்ஸ் மாட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு கடைவாய்ப்பல்லை அடைக்க வேண்டும் என்கிறார். யாரை நம்புவது?
— வாசகி, மதுரை

பதில்: இருவருமே தங்கள் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கலாம். அந்த லென்ஸுக்கு லூப் என்று பெயர்; பெரும்பாலும் இரண்டரை மடங்கு பெரிதாகக் காட்டும். சிறு புள்ளியும் அகப்படும். சிக்கல் என்னவென்றால், மெல்லும் பரப்பின் பள்ளங்களில் படிந்த காப்பிக்கறையும் அதில் சொத்தை போலவே தோன்றும். அதனால் லூப் போட்டவர் தேவைக்கு மேல் அடைக்கவும் வாய்ப்பு உண்டு.

உருப்பெருக்கத்தைவிட முக்கியமானது பல்லைத் துலக்கி, காற்றடித்து 5 விநாடி உலர்த்துவது. ஆரம்பச் சொத்தையில் எனாமலுக்குள், அதாவது பல்லின் கடினமான மேலுறைக்குள், நுண்துளைகள் இருக்கும். எனாமலின் ஒளிவிலகல் எண் 1.62, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. துளைகளில் எச்சில் இருக்கும்வரை எனாமலோடு இந்த எண்ணின் வித்தியாசம் குறைவு, திட்டு பளிச்சென்று தெரியாது. அது போய்க் காற்று நிறைந்ததும் வெள்ளைத் திட்டு எழுந்து நிற்கும். உலர்த்தினால் மட்டும் தெரிவது, சொத்தையின் நிலையை எண்ணால் குறிக்கும் ஐசிடாஸ் குறியீட்டில் 1. ஈரத்திலேயே தெரிந்தால் 2. இரண்டிலும் குழி இல்லை, டிரில்லுக்கு வேலையும் இல்லை. ஃபுளோரைடு வார்னிஷ் பூச்சு அல்லது பள்ளத்தை மூடும் சீலன்ட், பிறகு மறுபரிசோதனை போதும்.

ஆகவே அடைக்கச் சொன்னவரிடம் கேளுங்கள்: குழி விழுந்துவிட்டதா? எனாமலுக்கு அடியில் உள்ள டென்டின் வரை போயிருக்கிறதா? எக்ஸ்-ரேயில் காட்ட முடியுமா? புரோப் எனும் கூரிய கம்பிக் கருவியால் குத்தி, "மாட்டுகிறது பாருங்கள்" என்பது பழைய முறை. பள்ளம் குறுகலாக இருந்தாலே முனை மாட்டும். இளகிய எனாமல் அந்தக் குத்திலேயே உடையவும் கூடும். 0.5 மி.மீ. உருண்டை முனையால் மெல்லத் தடவினால் போதும்.

கேள்வி: காலையில் கல்லூரி, மாலையில் கிளினிக். கடைசியாக வரும் நோயாளிகளிடம் சொத்தையைத் தவறவிடுகிறேனோ என்று சந்தேகம். லூப் வாங்கினால் சரியாகுமா?
— பல் மருத்துவர், சேலம்

பதில்: பாதிதான் சரியாகும். நீண்ட நேரம் கூர்ந்து பார்ப்பவரின் கவனம் முதல் அரை மணியிலேயே சரியத் தொடங்குவதை உளவியலாளர் மேக்வொர்த் 1948-லேயே காட்டினார். லென்ஸ் அதைத் தடுக்காது. களைத்த கை முதலில் விடுவது உலர்த்துவதைத்தான். ஈரப் பல்லை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் ஆரம்பத் திட்டு நழுவிவிடும். அடுத்து விடுபடுபவை கடைசிக் கடைவாய்ப்பல்லின் பின்பக்கமும், கீழ்க் கடைவாய்ப்பல்லின் கன்னப்பக்கக் குழியும். பெரிய குழி ஒன்று கண்ணில் பட்டதும் தேடல் அங்கேயே நின்றுவிடுவதும் உண்டு. பக்கத்துப் பல்லின் சிறு சொத்தை தப்புவது அப்படித்தான்.

மேல் வலதில் தொடங்கிக் கீழ் வலதில் முடிக்கும் வரிசையை மாற்றாதீர்கள். அசிஸ்டன்ட் சார்ட்டில் குறிக்கட்டும். வாயிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியிராது. முழுப் பரிசோதனைகளை நேரத்தோடு வையுங்கள், நீண்ட ரூட் கேனாலுக்குப் பின் வேண்டாம். இரு பற்களுக்கு இடையே லூப்பும் உதவாது, பல்லைக் கடித்தபடி எடுக்கும் பைட்விங் எக்ஸ்-ரேதான் வழி. அவசரமில்லாத படங்களை மறுநாள் காலை, அறை விளக்கைக் குறைத்து இன்னொரு முறை பாருங்கள்.

கேள்வி: 2.5 மடங்கா, 3.5 மடங்கா?
— பயிற்சி மருத்துவர், கோவை

பதில்: முதலில் 2.5. 3.5-இல் பார்வைப் பரப்பு சுருங்கி இருட்டும். ஹெட்லைட் இல்லாமல் பயனில்லை. ஆர்டர் கொடுக்கும்போது முதுகு நிமிர்ந்து, முழங்கை உடலோடு ஒட்டியிருக்க, கண்ணிலிருந்து நோயாளியின் பல் வரை அளக்கச் சொல்லுங்கள். இந்தத் தூரம் பிசகினால் படம் தெளிய கழுத்தைத்தான் வளைப்பீர்கள். களைப்பு இன்னும் சீக்கிரம் வரும். லென்ஸ் கீழ்நோக்கிச் சாயும் கோணம் போதாவிட்டாலும் இதே கதிதான். நாற்பதைத் தாண்டியவர் என்றால் அதற்கு முன் கண் பரிசோதனை செய்து, பவரையும் அந்தக் கண்ணாடியிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.