ஃப்ளூயன்ட்டி: பஃபர் இருந்தும் மெசேஜ் ஏன் காணாமல் போகிறது?

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் எங்கள் தொழிற்சாலை மெஷின்கள் தரும் மெசேஜ்களை ஏபிஐக்கு (டேட்டாவை வாங்கும் சர்வர் முகவரிக்கு) அனுப்ப, டேட்டாவைச் சேகரித்து வேறிடத்துக்கு அனுப்பும் மென்பொருளான ஃப்ளூயன்ட்டிக்கு ரூபியில் ஒரு அவுட்புட் பிளகின் எழுதினேன். ஏபிஐ தடுமாறும்போது சில மெசேஜ்கள் காணாமல் போகின்றன, சில இரண்டு முறை போகின்றன. என்ன செய்வது?

பதில்: ஃப்ளூயன்ட்டி மெசேஜ்களை பஃபரில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், ‘சங்க்’ எனும் தொகுப்புகளாக வைத்து அனுப்பும். முதலில், சங்க்கை அனுப்பும் உங்கள் ‘ரைட்’ மெத்தடைத் திறந்து பாருங்கள். அது எக்ஸெப்ஷன் எழுப்பாமல் முடிந்தால், அந்த சங்க் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எண்ணி ஃப்ளூயன்ட்டி அதை அழித்துவிடும். ‘ரெஸ்க்யூ’ போட்டு எக்ஸெப்ஷனைப் பிடித்து, பிழையை லாகில் மட்டும் எழுதியிருந்தால் சங்க் போனது போனதுதான். ரெஸ்க்யூ இல்லாவிட்டாலும் ஆபத்து உண்டு: ரூபியின் நெட் ஹெச்டிடிபி லைப்ரரி, 503 (சர்வர் இப்போது தயாரில்லை) வந்தால்கூடத் தானாக எக்ஸெப்ஷன் எழுப்பாது. பதிலின் கோடைப் பார்த்து நீங்கள்தான் ‘ரெய்ஸ்’ செய்ய வேண்டும்.

எதை எழுப்புவது என்பதும் முக்கியம். 500 வரிசை (சர்வர் கோளாறு), 429 (அளவுக்கு மீறிய கோரிக்கைகள்), டைம்அவுட் ஆகியவற்றுக்குச் சாதாரண எக்ஸெப்ஷன் போதும், ரீட்ரை நடக்கும். 400, 422 என்றால் டேட்டாவே கோளாறு. எத்தனை முறை அனுப்பினாலும் அதே பதில்தான். அங்கே ‘அன்ரெகவரபிள் எரர்’ எழுப்புங்கள். சங்க் செகண்டரிக்கு (கான்ஃபிக்கில் நீங்கள் வைக்கும் மாற்று அவுட்புட்டுக்கு) போகும், அது இல்லையென்றால் பேக்கப் டைரக்டரிக்கு. 401ஐ (டோக்கன் செல்லவில்லை) இதில் சேர்க்காதீர்கள். டோக்கனை மாற்றினால் அதே சங்க் போய்விடும்.

இரட்டிப்புக்கு வருவோம். ரீட்ரை நடப்பது சங்க் கணக்கில், மெசேஜ் கணக்கில் அல்ல. லூப் போட்டு ஒவ்வொன்றாக அனுப்பி, 300 மெசேஜில் 180ஆவது தடங்கினால், மறுபடி முதலிலிருந்து எல்லாம் போகும். ஒரு சங்க்குக்கு ஒரே போஸ்ட் என்று வையுங்கள். ஏபிஐ வாங்கிக்கொண்ட பின் பதில் வழியில் தொலைந்தாலும் இரட்டிப்பு வரும் என்பதால், சங்க்கின் யுனிக் ஐடியை ஹெக்ஸ் எழுத்துகளாக மாற்றி ஹெடரில் அனுப்புங்கள். ஏற்கெனவே பார்த்த ஐடியை ஏபிஐ ஒதுக்கிவிட வேண்டும்.

‘ரைட்’டுக்கு மாற்றான ‘ட்ரை_ரைட்’ மெத்தட் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். அது ‘வாங்கிவிட்டேன்’ என்று ஏபிஐ பிறகு உறுதி சொல்லும் அமைப்புகளுக்கானது.

கான்ஃபிக்கில், பஃபரை ஃபைலுக்கு மாற்றுங்கள். டிஃபால்ட்டான மெமரி பஃபர் கரண்ட் போனால் காலி. ஃபைல் பஃபரின் மொத்த வரம்பு டிஃபால்ட்டாக 64 ஜிபி, சின்ன பாக்ஸின் டிஸ்க் அதற்குத் தாங்காது, குறையுங்கள். ரீட்ரை இடைவெளி 1 வினாடியில் தொடங்கி இரட்டிப்பாகிக்கொண்டே போகும். டிஃபால்ட்டாக 72 மணி நேரத்தில் ரீட்ரை நின்றுவிடும். செகண்டரி இல்லையென்றால் அப்போது அந்த ஒரு சங்க் மட்டுமல்ல, க்யூவில் நிற்கும் அத்தனையும் பஃபரிலிருந்து நீக்கப்படும். வெள்ளி மாலை படுத்த ஏபிஐயை திங்கள் மாலை வரை யாரும் கவனிக்கவில்லை என்றால் இதுதான் கதி.

சோதிக்க, இரண்டு நிமிடம் 503ம் பிறகு 200ம் தரும் ஒரு போலி ஏபிஐ போதும். நடுவில் ஒருமுறை ஃப்ளூயன்ட்டி ப்ராஸஸை ‘கில் -9’ கட்டளையால் சட்டென்று நிறுத்தி, மீண்டும் ஓடவிட்டு, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணிப் பாருங்கள்.