தலையீற்றுக் கன்றை இழந்த பசு: பழனிமலை வளர்ப்போரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (மன்னவனூர்): ஐயா, எங்கள் கிடாரி முதல் ஈற்றிலேயே செத்த கன்றை ஈன்றது. நாங்கள் பாலுக்காக மாடு வளர்ப்பதில்லை. பூண்டுத் தோட்டத்து எருவுக்கும் கன்று விற்பனைக்குமே வைத்திருக்கிறோம். மடி இறுகிவிட்டது. கறந்துவிடலாமா?

பதில்: வேண்டாம். கறக்கக் கறக்கச் சுரக்கும் என்பதால், வற்றவேண்டிய மடியைத் தினமும் கறந்தால் வற்றுவது தள்ளிப்போகும். தேங்கும் பாலின் அழுத்தமே சுரப்பை நிறுத்துகிறது. சில நாட்கள் விம்மியிருந்து பிறகு தானாகத் தளரும். அதுவரை புண்ணாக்கு, தவிடு போன்ற அடர்தீவனத்தை நிறுத்தி, புல்லும் வைக்கோலும் கொடுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஈரத்திலும் சாணத்திலும் படுக்கவிடாதீர்கள். ஒரு காம்புப் பக்கம் மட்டும் சிவந்து, சூடாகி, பால் திரிந்து வந்தால் அது மடிநோய். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். 1962 என்ற எண்ணில் மருத்துவ ஊர்தியையும் அழைக்கலாம்.

கேள்வி (கூக்கால்): பக்கத்து வீட்டில் தாயை இழந்த கன்று இருக்கிறது. அதை எங்கள் பசு ஏற்குமா?

பதில்: ஏற்கச் செய்ய முடியும், ஆனால் முதல் ஓரிரு நாட்களுக்குள் முயல வேண்டும். பசு தன் கன்றை மணத்தால்தான் அறிகிறது. ஆகவே இறந்த கன்றின் தோலை உரித்து, வந்த கன்றின் முதுகில் சில நாட்கள் கட்டிவைப்பது நம்பத்தக்க வழி. கன்று பசியோடு இருக்கட்டும். பசுவைக் கட்டிப்போட்டு, நீங்கள் அருகில் நின்றே ஊட்டவிடுங்கள், ஏனெனில் தலையீற்றுப் பசு மிரண்டு உதைக்கும். உங்கள் பசுவின் கன்று கழிச்சலிலோ வேறு நோயிலோ இறந்திருந்தாலும், குறைமாதத்தில் விழுந்திருந்தாலும் இந்த முயற்சியே கூடாது.

கேள்வி (பூண்டி): நஞ்சுக்கொடி தொங்கிக்கொண்டிருக்கிறது. இழுத்துவிடலாமா?

பதில்: இழுக்காதீர்கள், கல்லும் கட்டாதீர்கள். கருப்பை கிழியும், புண்ணாகும். 12 மணி நேரத்திற்கு மேல் விழாமலிருந்தாலோ, நாற்றமும் காய்ச்சலும் கண்டாலோ மருத்துவரே பார்க்க வேண்டும்.

கேள்வி (பூம்பாறை): கன்று தங்காத மாடு என்று விற்றுவிடச் சொல்கிறார்கள். வைத்திருக்கலாமா?

பதில்: கன்று ஏன் இறந்தது என்று தெரியாமல் விற்க முடிவெடுப்பது அந்தப் பசுவுக்கு இழைக்கும் அநீதி. மார்கழி, தை மாத உறைபனி இரவில் திறந்த வெளியில் ஈன்றதாலோ, சிறிய கிடாரிக்குப் பெரிய இனக் காளையைச் சேர்த்ததால் கன்று வழியில் சிக்கியதாலோ இறந்திருந்தால் குற்றம் பசுவினுடையது அன்று. கன்று ஊட்டாத பசு விரைவாகவே பருவத்துக்கு வரும். எனினும் கருப்பை சுருங்கித் தேற ஏறத்தாழ 40 நாட்கள் ஆகும் என்பதால், 60 நாட்கள் பொறுத்து, அடுத்து வரும் சினைப்பருவத்தில் சேர்ப்பதே நல்லது. தலையீற்றுப் பசு இன்னும் வளர்கிற மாடு. மடி வற்றியபின் அதற்கு நல்ல தீவனம் அவசியம்.

ஆனால் சினையின் ஐந்தாம் மாதத்துக்குப் பின் கன்று வீசியிருந்தால், அதாவது குறைமாதத்தில் விழுந்திருந்தால், புருசெல்லா என்னும் கன்றுவீச்சு நோயை ஐயுற வேண்டும். இரத்தப் பரிசோதனை முடியும்வரை பசுவைத் தனியே கட்டி, காளையுடன் சேர்க்காதீர்கள். இது மனிதருக்கும் தொற்றும். கையுறையின்றி நஞ்சுக்கொடியையோ விழுந்த கன்றையோ தொடாதீர்கள், ஆழமாகக் குழிவெட்டிச் சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள், பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். நோய் உறுதியானால் அந்தப் பசுவை இன்னொருவர் தொழுவத்துக்கு விற்காதீர்கள். உங்கள் மந்தையின் கிடாரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் ஒருமுறை தடுப்பூசி போட்டுவிடுங்கள்.