வாசகர் கேள்வி–பதில்: கல்யாணப் பத்திரிகை அடிக்கும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: பெருந்துறைக்கு அருகில் 3 ஏக்கர் நிலமும் இரண்டு கறவை மாடுகளும் வைத்துப் பிழைக்கிறோம். மூத்த மகளுக்கு வரன் அமைந்து, வரும் தை மாதத்தில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம். கையில் 6 லட்சம் ரூபாய் இருக்கிறது. 12 லட்சத்துக்குக் குறைந்து ஊருக்கு ஒத்த கல்யாணம் செய்ய முடியாது என்றும், மீதியை இரண்டு வட்டிக்கு வாங்கி மொய்ப் பணத்தில் அடைத்துவிடலாம் என்றும் என் அண்ணன் சொல்கிறார். மாப்பிள்ளை வீட்டாரோ, "நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் பிள்ளைக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்கிறார்கள். என்ன முடிவு எடுப்பது?

பதில்: இரண்டு வட்டி என்று நாம் வாயால் சொல்லும்போது அது சின்னத் தொகையாகத்தான் தோன்றும். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். 6 லட்சத்துக்கு மாதம் 12,000 ரூபாய். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் மூன்று ஆண்டுகளில் 4,32,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும். உங்கள் இரண்டு மாடுகளின் பால் பணத்தில் தீவனச் செலவு போக மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் தொகையை இந்த 12,000 ரூபாயின் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மகள் கணவன் வீட்டுக்குப் போன பின்னும் அந்த மாடுகள் வட்டிக்காரருக்குத்தான் கறந்துகொண்டிருக்கும்.

மொய்யை நம்பிக் கடன் வாங்குவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. என் தந்தை வைத்திருந்த மொய் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஊர், பெயர், தொகை என்று மூன்று பத்திகள்; சில பெயர்களுக்கு எதிரில் வேறு மையில் ஒரு கோடு இழுத்திருப்பார். அந்த வீட்டு விசேஷத்துக்குப் போய்த் திருப்பி வைத்தாயிற்று என்பதற்கு அடையாளம். 51 ரூபாய் வைத்தவருக்கு 101 ரூபாயாகத் திருப்பியதும் ஓரத்தில் குறித்திருக்கிறது. ஆகவே மொய் என்பது வருமானம் அன்று. தவணைத் தேதி எழுதப்படாத, கூட்டித் திருப்ப வேண்டிய கைமாற்று. அதை வைத்து வட்டிக் கடனை அடைப்பது ஒரு கடனை எடுத்து இன்னொன்றில் போடுவதுதான். மேலும் மண்டபத்துக்கும் சமையலுக்கும் பந்தலுக்கும் முன்பணம் மாதங்களுக்கு முன்பே போக வேண்டும். மொய் வருவதோ முகூர்த்தம் முடிந்த பிறகு. நீங்கள் இதுவரை ஊரில் வைத்த மொய் எவ்வளவு என்று பழைய நோட்டைப் பார்த்தால், திரும்பி வரக்கூடியது எவ்வளவு என்பது ஓரளவு தெரியும். ஆனாலும் கல்யாணக் கணக்கில் அதைப் பூஜ்யம் என்றே வைத்துக்கொண்டு, வரும் தொகையை வங்கியில் தனியாகப் போட்டு வைத்து, இனி வரும் விசேஷங்களுக்கு அதிலிருந்தே எடுத்து வையுங்கள்.

அடுத்தது, "நாங்கள் எதுவும் கேட்கவில்லை" என்ற வார்த்தை. கேட்டால் இவ்வளவு என்று ஒரு எல்லை இருக்கும். கேட்காதபோது பெண் வீட்டார் தாங்களே பயந்து எல்லையை ஏற்றிக்கொண்டே போவார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்துகொள்வதற்கு முன்பே, உங்கள் மைத்துனரையோ இரு வீட்டுக்கும் பொதுவான ஒரு பெரியவரையோ உடன் வைத்துக்கொண்டு, "எங்களிடம் உள்ளது இவ்வளவு, கடன் வாங்குவதாக இல்லை, மண்டபச் செலவை இரு வீட்டாரும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாமா?" என்று நேராகக் கேளுங்கள். இன்று பல குடும்பங்கள் அப்படித்தான் செய்கின்றன. இந்தப் பேச்சைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் என்றால், அதைக் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது உங்கள் மகளுக்கு நல்லது. மாப்பிள்ளை வீட்டார் வரதட்சணையை வெளிப்படையாகவே கேட்டால் அது 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி குற்றம். வாங்குவது மட்டுமன்று, கொடுப்பதும் குற்றமே.

செலவில் கை வைக்கத் தொடங்க வேண்டிய இடம் அழைப்பிதழ் எண்ணிக்கை. 400 பத்திரிகை கொடுத்து, பத்திரிகைக்கு மூன்று பேர் என்று வைத்தால் 1,200 இலை. இலைக்கு 250 ரூபாய் என்றால் ஒரு வேளைக்கே 3 லட்சம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்று இரண்டு வேளையும் அதே கூட்டத்தை அழைக்காமல், மாலை விருந்தை நெருங்கிய உறவோடு நிறுத்திக்கொண்டால் பெரும் தொகை மிஞ்சும். சமையல்காரரிடம் உறுதியாகச் சொல்லும் எண்ணிக்கையைக் குறைத்தே சொல்லி, கூடினால் எத்தனை இலை வரை தருவார் என்று எழுதி வாங்குங்கள். மண்டப வாடகையைக் கேட்கும்போது மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், பாத்திர வாடகை, துப்புரவு ஆகியவை சேர்ந்ததா, தனியா என்பதையும் கேளுங்கள். வாடகை மலிவு என்று போய்க் கடைசிப் பில்லைப் பார்த்துத் திகைத்தவர்கள் பலர். உறவுக்காரர்களுக்கு எடுக்கும் துணியை ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் மொத்தமாக எடுக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. நம் கொங்குக் கல்யாணத்தை நம் கல்யாணமாக ஆக்குபவை முகூர்த்தக்கால், சகோதரி முறையினர் செய்யும் இணைச்சீர், சடங்குகளை அறிந்த பெரியவரான அருமைக்காரர் நடத்தித் தருவது, மங்கல வாழ்த்துப் பாட்டு ஆகியவை. இவற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பணத்தை விழுங்குவது மேடைப் பூ அலங்காரமும் ட்ரோன் கேமராவும் செண்டை மேளமும் பானிபூரிக் கடையும். இவற்றில் ஒன்றுகூட உங்கள் அம்மா கல்யாணத்தில் இருந்திருக்காது. சென்னிமலையிலோ சிவன்மலையிலோ முருகன் கோயிலில் தாலி கட்டிவிட்டு ஊரில் மதிய விருந்து வைத்தாலும் குறைவில்லை. எங்கே நடத்தினாலும் 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: மாதச் சீட்டு ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறேன். தம்பி கல்யாணத்துக்காக இப்போதே தள்ளி எடுத்துவிடலாமா? (கோபிசெட்டிபாளையம் வாசகர்)

பதில்: 5 லட்சம் சீட்டை ஏலத்தில் 1,20,000 ரூபாய் தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, எடுத்தால் கைக்கு வருவது 3,80,000 ரூபாய்தான், மீதி மாதங்களுக்கு நீங்கள் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் ஒரு கடனே. கடைசி மாதங்களில் எடுப்பவருக்குத்தான் சீட்டு சேமிப்பாகிறது. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்பதையும் கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் நடத்துகிறார் என்பது பதிவுக்கு ஈடாகாது.

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. இப்போதிருந்தே என்ன செய்யலாம்? (தாராபுரம் வாசகி)

பதில்: 10 வயது முடிவதற்குள் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்குங்கள். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் 1,50,000 ரூபாய் வரை 15 ஆண்டுகள் கட்டலாம். மாதம் 1,500 ரூபாய் என்றால் அசல் மட்டும் 2,70,000 ரூபாய் சேரும். 18 வயது ஆன பின் திருமணத்துக்காகக் கணக்கை முடித்துப் பணத்தை எடுக்கலாம். படிப்புக்காக என்றால் பாதி வரை எடுக்க அனுமதி உண்டு. எதற்கு முதலில் எடுப்பது என்பதை அப்போது உங்கள் மகளிடமே கேளுங்கள்.

கேள்வி: மொய்க்கு வருமான வரி உண்டா? (திருப்பூர் வாசகர்)

பதில்: திருமணத்தை ஒட்டி மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு வரி இல்லை. இந்த விலக்கு பெற்றோருக்குக் கிடையாது. உறவினர் அல்லாதவர்கள் பெற்றோருக்குத் தருவது ஆண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் அது வருமானமாகும். ஆகவே மொய் நோட்டின் முதல் பக்கத்தில் மணமக்கள் பெயரை எழுதி, பணத்தையும் அவர்கள் கணக்கிலேயே செலுத்துங்கள்.