தாத்தாவின் பெட்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆச்சிக்கு,

தேவகோட்டைக்குப் பக்கத்து ஊர். சித்த மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிறேன். என் தாத்தா நாட்டு வைத்தியர். அவர் விட்டுப்போன தகரப் பெட்டியில் ஓலைச்சுவடிகளும் முப்பது நோட்டுகளும் இருக்கின்றன. சுவடியில் உள்ளது பெரும்பாலும் அச்சில் வந்துவிட்டதாம். நோட்டுகளில் பாதிக்கு மேல் யார் வந்தார்கள், என்ன கொடுத்தார்கள் என்ற கணக்குதான். மருந்து முறைகளை மட்டும் கணினியில் ஏற்றிவிட்டு மற்றதைக் கழித்துவிடலாமா? செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் படித்துச் சொல்லப்போகும் காலத்தில் பழைய மருத்துவ நூலகங்களுக்கு எதிர்காலம் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உன் கடிதம் வந்த அன்று காலையில்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய சாமான் கடை வாசலில் நின்றிருந்தேன். தேக்குத் தூண், பீங்கான் ஜாடி, எனாமல் தூக்குச்சட்டி எல்லாவற்றுக்கும் விலை இருந்தது. மூலையில் கிடந்த பேரேட்டுக் கட்டுக்கு விலை கேட்டதும் கடைக்காரர் சிரித்தார். "ஜாடி உடையாம இருக்க வச்சு வந்தது ஆச்சி. வேணும்னா எடுத்துக்குங்க."

செயற்கை நுண்ணறிவை விடு. அது படிப்பதற்கும் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். அந்த மருந்துகள் பலிக்குமா என்பது உன் பேராசிரியர்கள் பாடு. 'கழித்துவிடலாமா' என்று எழுதினாயே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நாலு வருஷமாக என்னதான் படித்தாய் ஆத்தா?

திட்டுகிற தகுதி எனக்கு உண்டு. இதே காரியத்தை நான் செய்திருக்கிறேன்.

எங்கள் அப்பத்தா வைத்தியர் இல்லை. ஆனால் வளவில், அதாவது பல குடும்பம் சேர்ந்திருந்த எங்கள் பெரிய வீட்டில், வளர்ந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கல்லில் உரைத்துப் புகட்டும் உரைமருந்து கொடுத்தது அவர்தான். ஐயா கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, மலாயா போயிருந்தார். வீட்டுச் செலவு எழுதும் சிட்டையிலேயே அப்பத்தா மருந்துக் கணக்கையும் எழுதுவார். தேதி, எந்தப் பிள்ளை, என்ன கோளாறு, சுக்கு எத்தனை உரை, வசம்பு எத்தனை உரை. கடைசியில் ஒரே சொல்: 'நின்றது', இல்லை 'நிற்கவில்லை'. கல்லூரி விடுமுறையில் நான் பெரிய கெட்டிக்காரியாக, மருந்துகளை மட்டும் ஒரு புது நோட்டில் முத்து முத்தாகப் படியெடுத்தேன். பெயரும் தேதியும் எதற்கு என்று விட்டுவிட்டேன். வீடு பங்கு பிரித்தபோது சிட்டை எடைக்குப் போனது. கேட்டார்கள், நானும் சரி என்று தலையாட்டினேன்.

இப்போது என் நோட்டில் இருப்பது எந்தக் கைமருந்துப் புத்தகத்திலும் கிடைக்கும் பக்குவங்கள். போனது என்ன தெரியுமா? ஒரு வளவில் இருபது வருஷம் எந்த மாதத்தில் எந்தப் பிள்ளைக்கு வயிறு போனது, எந்த வருஷம் 'நிற்கவில்லை' அடுத்தடுத்து விழுந்தது என்ற கணக்கு. அதை எந்தச் சித்தர் பாடலில் போய்த் தேடுவேன்?

தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தை எடுத்துக்கொள். 1798 முதல் 1832 வரை தஞ்சை மன்னராக இருந்த இரண்டாம் சரபோஜியின் பெயரால் வைத்திய முறைகள் அச்சில் இருக்கின்றன, நல்லதுதான். ஆனால் இன்றைய கண் மருத்துவர்கள் தேடிப்போய் ஆராய்ந்து எழுதியது எதைப் பற்றி? அவர் காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்பேடுகளைப் பற்றி. கண்ணைப் படமாக வரைந்து, நோயையும் சிகிச்சையையும் குறித்து வைத்த தாள்கள். உன் வீட்டுக் கணக்கில் அவை 'மற்றது'.

நம் கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதியவர். புத்தகங்களோடு நிறுத்தவில்லை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம் எல்லாவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிய அந்தச் சேகரிப்புதான் 1994 முதல் சென்னையில் அவர் பெயரில் நூலகமாக நிற்கிறது. பழைய தமிழ் மருத்துவ நூல்கள் தேடுகிறவர்கள் அங்கே போகாமல் முடியாது. கொடுக்க இடம் தேடினால் நீயும் முதலில் அங்கே எழுதிக் கேள்.

சுவடி அச்சில் வந்துவிட்டது என்பதையும் அப்படியே நம்பாதே. கையால் எழுதிய படிக்குப் படி பாடம் மாறும். சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடிகளை யுனெஸ்கோ 1997இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது, அச்சில் வந்ததா என்று பார்த்தா?

கணினியில் ஏற்று, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வெற்றுப் பக்கம் உட்பட வரிசை மாறாமல் ஏற்று. எந்த நோட்டு, யார் கையெழுத்து, எந்த ஊர் என்று பட்டியல் எழுது. ஒரு காப்பகத்தில் எனக்கு ஒரு குறுந்தகடு கொடுத்தார்கள்; ஆயிரக்கணக்கான படங்கள், ஊர் பெயர் ஒரு வரி இல்லை. எடைக்குப் போட்டதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அப்புறம், நோயாளிகளின் பேரன் பேத்திகள் இன்னும் உங்கள் ஊரில் இருப்பார்கள். பெயர்களை இணையத்தில் போட்டுவிடாதே.

எதிர்காலம் பற்றி ஏதோ கேட்டிருந்தாய். பெட்டி எந்த அறையில் இருக்கிறது? மாடியில் என்றால் இன்றைக்கே இறக்கிவிடு. ஐப்பசி பிறக்கப்போகிறது, பழைய ஓட்டுவீடு ஒழுகும்.