சாவி போட்டால் பம்ப் சத்தம் இல்லை: பம்பை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது பிஎஸ்6 150 சிசி பைக். போன மழையிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் சாவி போட்டதும் டேங்குக்குள், என்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்பிலிருந்து இரண்டு மூன்று விநாடி கேட்கும் 'ங்ஙீ' சத்தம் இல்லை. ஹேண்டிலை இடதும் வலதுமாகத் திருப்பினால் சில சமயம் வந்துவிடுகிறது. மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்து, "12 வோல்ட் வருது, பம்ப்தான் போச்சு, அசெம்ப்ளியோட மாத்தணும்" என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே துப்பு இருக்கிறது. பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது. ஹேண்டிலைத் திருப்பினால் அதற்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஹேண்டிலோடு சேர்ந்து மடங்கி நிமிர்வது சாவி சுவிட்சிலிருந்தும் ஹேண்டில் சுவிட்சுகளிலிருந்தும் வரும் வயர்கள்தான். நான் முதலில் தேடுவது அங்கேதான்.

'செல்ஃப் சுற்றுகிறதே, அப்படியானால் சாவி வயர் நன்றாகத்தானே இருக்க வேண்டும்' என்று தோன்றும். செல்ஃப் மோட்டாருக்கான பெரிய மின்சாரம் பேட்டரியிலிருந்து தடித்த கேபிளில் நேராகப் போகிறது. சாவி வழியாகப் போவது அதன் ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை) இழுக்கத் தேவையான கொஞ்சம் மின்சாரம் மட்டும். பாதி அறுந்த வயர்கூட அதைக் கொடுத்துவிடலாம். பம்புக்கு அது போதாமல் போகலாம்.

மெக்கானிக் மீட்டரில் 12 வோல்ட் பார்த்தது பொய்யில்லை. பம்ப் சாக்கெட்டைக் கழற்றி, வெறும் சாக்கெட்டில் முனைகளை வைத்துப் பார்த்திருப்பார். மல்டிமீட்டர் இழுக்கும் மின்சாரம் ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். அவ்வளவு சொற்பத்தை ஒற்றை இழைச் செம்பும் கடத்தும், களிம்பு பிடித்த பின்னும் கடத்தும். பம்பை மாட்டி அது மின்சாரத்தை இழுக்கும்போதுதான் குட்டு உடையும். பம்ப் தோராயமாக 4 ஓம் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். வழியில் ஒரு கெட்ட இணைப்பு 2 ஓம் சேர்த்தால் 12 வோல்ட்டில் 8 மட்டுமே பம்பைப் போய்ச் சேரும். மீதி 4 அந்த இணைப்பிலேயே சூடாகப் போய்விடும். சாக்கெட்டின் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தால் காரணம் இதுதான்.

ஆகவே சுமையோடு, அதாவது மின்சாரத்தை நன்றாக இழுக்கும் ஒன்றை மாட்டி, சோதிக்க வேண்டும். நான் நம்புவது ஒரு சாதாரண 21 வாட் இண்டிகேட்டர் பல்பை. பம்ப் சாக்கெட்டைக் கழற்றி, பம்புக்கு வரும் இரண்டு வயர்களுக்கு நடுவில் பல்பை மாட்டுங்கள். சாக்கெட்டில் நான்கு வயர் இருந்தால் இரண்டு பெட்ரோல் அளவு காட்டும் மிதவையுடையது. எது எதற்கு என்று வயரிங் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பல்பை இறுக்கி மாட்டிய பிறகே சாவி போடவும். இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) பம்பை இரண்டு மூன்று விநாடிதான் ஓட்டும், அதற்குள் பார்த்துவிட வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்தால் வயரிங் சரி. மங்கலாக எரிந்தாலோ எரியாமலே போனாலோ பம்பின் மேல் பழி போடாதீர்கள். உங்கள் பைக்கில் ஹேண்டிலைத் திருப்பித் திருப்பி இதையே செய்து பாருங்கள்.

அப்போது ஸ்பீடோமீட்டரில் மஞ்சள் என்ஜின் விளக்கையும் கவனியுங்கள். சாவி போட்டதும் அது சில விநாடி எரிந்தால் இசியூவுக்குக் கரண்ட் போகிறது. பம்ப் ஃபியூஸ், ரிலே, சாக்கெட், எர்த் என்று தேடலாம். ரிலேயை, அதே எண் அச்சிட்ட வேறொரு ரிலே பைக்கில் இருந்தால் இடம் மாற்றிப் பார்ப்பதே சுலபம். விளக்கே எரியவில்லை என்றால் கோளாறு அதற்கும் முன்னால், சாவி வயரிலோ இசியூவுக்கான ஃபியூஸிலோ இருக்கலாம்.

இதே மாதிரி ஒரு பைக்கில் ஹேண்டில் கழுத்தின் அருகே கருப்பு டேப்பை உரித்துப் பார்த்தேன். வயரின் மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. விரலால் மடக்கிக்கொண்டே வந்தபோது ஒரு இடம் மட்டும் நனைந்த நூல் போலத் துவண்டது. அங்கே வெட்டினால் பச்சைப் பொடி, நடுவில் முழுசாக இரண்டே இழை. அந்த வண்டிக்கு ஏற்கெனவே ஒரு புது பம்ப் போட்டிருந்தார்கள் என்பதுதான் வருத்தம்.

அப்படி ஒரு இடம் கிடைத்தால் முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள். கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, அதே தடிமனில் புது வயர் சேர்த்து, சால்டர் வைத்து, சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். ஒட்டும் இடம் மடங்கும் இடத்தில் வரக்கூடாது. சால்டர் வைத்த வயர் அங்கே மறுபடி ஒடியும். ஃபியூஸ் போனால் கம்பி வைத்து ஓட்டுவது கூடவே கூடாது. பக்கத்திலேயே பெட்ரோல் இருக்கிறது. பிரஷர் வாட்டரைச் சீட்டுக்கு அடியிலும் ஹேண்டில் கழுத்திலும் நேராக அடிக்கவும் விடாதீர்கள்.

ஒருவேளை பல்பு எந்த நிலையிலும் பளிச்சென்று எரிந்து, பம்பை மாட்டியும் சத்தமே வரவில்லை என்றால், மெக்கானிக் சொன்னதுதான் சரி. அப்போது பம்ப் மோட்டார் மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள், பல மாடல்களுக்குக் கிடைக்கிறது. டேங்கைத் திறக்கும்போது ரப்பர் சீலையும் புதிதாகப் போட்டுவிடுங்கள், பழையது ஊறி உப்பியிருந்தால் திரும்ப உட்காராது.