அந்தக் காலத்தில் விவாகரத்து

அன்புள்ள ஐயா,

என் தங்கை மகளுக்குக் கடன் வாங்கி ராயபுரத்தில் மண்டபம் பிடித்துக் கல்யாணம் செய்தோம். இரண்டு வருடம்கூட ஆகவில்லை, விவாகரத்து வேண்டுமாம். அடி உதை ஒன்றும் இல்லை, ஒத்துவரவில்லை என்கிறாள். பெண்கள் சம்பாதிக்க ஆரம்பித்ததும் பொறுமை போய்விட்டது. எங்கள் காலத்தில் வடசென்னையில் இப்படி உண்டா? சமூகம் எங்கே போகிறது?

ஒரு தாய்மாமன், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாக உண்டு. கோர்ட்டுக்குத்தான் யாரும் போகவில்லை. காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் புருஷன் இன்னொரு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவான். இவள் மீன் விற்றோ இட்லி சுட்டு விற்றோ பிள்ளைகளை ஆளாக்குவாள். எழுத்தில் ஒன்றும் இருக்காது, ஜீவனாம்சமும் கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் விவாகரத்து வாங்கியவர்களைவிட வாங்காமலே பிரிந்திருப்பவர்கள் இரண்டு மடங்குக்கும் மேல். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கென்றே தமிழக அரசு ஒரு உதவித்தொகை வைத்திருக்கிறது. கோர்ட் தீர்ப்பு கையில் இல்லாதவள் அதை வாங்க, ஐந்து வருடமாவது கைவிடப்பட்டிருக்க வேண்டும்! அந்தப் பெண்களையெல்லாம் சேர்க்காமல்தான் அந்தக் காலம் நன்றாக இருந்தது என்கிறோம்.

சம்பாத்தியத்தால் பொறுமை போயிற்று என்பது பாதி சரி. போக்கிடம் இல்லாததால் வந்த பொறுமைதானே அது, போகட்டும்.

எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்தியது அந்தக் கடன். மண்டபம், பிரியாணி, ஃபிளெக்ஸ் பேனர், வீடியோ என்று இழுத்துவிட்டு, வட்டி கட்டி முடிவதற்குள் பெண் திரும்பி வந்தால் கோபம் முழுக்க அவள்மேல் பாய்கிறது. செலவை அவளா கேட்டாள்?

சரி, இனி ஆக வேண்டியது. இந்து திருமணச் சட்டப்படி என்றால், பரஸ்பர சம்மத விவாகரத்து 1976-லேயே வந்துவிட்டது. ஒரு வருடம் பிரிந்திருந்த பிறகு இருவரும் சேர்ந்து மனு போடலாம். அப்புறம் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த வழக்குகளில் நீதிபதி அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்று விட்டுவிடலாம் என 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ராயபுரத்துக் கிறிஸ்தவர்களுக்கு இந்த வழி 2001-ல்தான் திறந்தது.

பையன் சம்மதிக்காவிட்டால் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். அதனால் நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள், தாய்மாமன் பேச்சுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. போகும்போது நகைப் பட்டியலை எடுத்துப் போங்கள். அவளுக்குப் போட்டதெல்லாம் சட்டப்படி அவளுடையது.