பாதி வகுப்புக்குத் தெரியும், பாதிக்குத் தெரியாது: பாடக்குறிப்பு பற்றிக் கேள்வி பதில்

ஒரே வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வகுத்தல் வரும், பக்கத்தில் இருப்பதற்கு எழுத்துக் கூட்டவே வராது. அந்த வகுப்புக்கு எப்படிப் பாடக்குறிப்பு எழுதுவது என்று நீலகிரி ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கோத்தகிரி பக்கம், ஈராசிரியர் பள்ளி: டீச்சர், நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கழித்தலைச் சிலர் சட்டென்று போடுகிறார்கள், சிலர் முழிக்கிறார்கள். ஆளுக்கொரு பாடக்குறிப்பா எழுத முடியும்?

முடியாது, எழுதவும் வேண்டாம். முதல் நாள் சாயங்காலம் மணி அடிப்பதற்கு முன் ஒரே ஒரு கணக்கு கொடுங்கள்: 302 − 158. சரியா தப்பா என்பதோடு விட்டுவிடாமல், என்ன தப்பு என்று பாருங்கள்.

256 என்று எழுதிய பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. மேலே இருப்பதிலிருந்துதான் கீழே இருப்பது போக வேண்டும் என்பதே அதற்குப் பிடிபடவில்லை. 154 எழுதிய பிள்ளை அப்படி இல்லை. அதற்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவில் பூஜ்யம் நின்றதும் அதைத் தாண்டி, நூறாம் இடத்திலிருந்து நேராக ஒன்றாம் இடத்துக்கு வாங்கிவிட்டது. அப்புறம் பூஜ்யத்திலிருந்து ஐந்து போகாது என்றதும் ஐந்தையே எழுதிவைத்துவிட்டது. இரண்டு விடையும் தப்புதான், ஆனால் இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. தாளை வெறுமையாகக் கொடுத்த பிள்ளையை அருகில் கூப்பிட்டு எண்ணை வாசிக்கச் சொல்லுங்கள். சிக்கல் கழித்தலுக்கு முன்பே எங்கோ இருக்கலாம்.

இப்போது குறிப்பு எழுதலாம். நோக்கம் ஒன்று, தொடங்கும் இடம் மூன்று. முதல் பத்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து: மூன்று நூறு ரூபாய்த் தாள், இரண்டு ஒரு ரூபாய்க் காசு கையில் இருக்கிறது, 158 ரூபாயைச் சரியாக எண்ணிக் கொடுக்க வேண்டும். சில்லறை மாற்றாமல் முடியுமா? பழைய காலண்டர் தாளில் வெட்டிய நோட்டு போதும். பிறகு 256 போட்டவர்கள் அதே நோட்டுகளோடு 42 − 18 மாதிரி சின்னக் கணக்குகள். 154 போட்டவர்கள் 302-ஐயே மறுபடி, நோட்டை மாற்றும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு. 144 என்று சரியாகப் போட்டவர்களுக்கு 4000 − 1567, நோட்டு இல்லாமல். கடைசி ஐந்து நிமிடம் மறுபடி எல்லோருக்கும் 405 − 267. அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் நாளைய குறிப்பு.

ஒன்று மட்டும் கவனம். இந்தப் பிரிவு கழித்தலுக்கு மட்டும். எடை, அளவை என்று பாடம் மாறினால் மறுபடி பார்த்துப் பிரியுங்கள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவோடு நின்று பழகிய பிள்ளை, கிலோ கணக்கில் வகுப்பையே முந்திக்கொண்டு போகும்.

குன்னூர், பி.எட். மாணவி: 'முன்னறிவு' என்ற தலைப்பின் கீழ் 'மாணவர்கள் தாவரத்தின் பாகங்களை அறிந்திருப்பர்' என்று எழுதச் சொல்லித்தருகிறார்கள். அது போதுமா மேடம்?

போதாது. 'அறிந்திருப்பர்' என்பது உங்கள் ஊகம். கற்பதைத் தீர்மானிப்பதில் முதலிடம் மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதற்குத்தான் என்று அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஆசுபெல் 1968-லேயே எழுதிவிட்டார். நாம் இன்னும் அதை ஒரு வரிச் சடங்காக வைத்திருக்கிறோம். அந்த இடத்தில் ஒரு கேள்வியை எழுதுங்கள்: 'கேரட்டில் நாம் சாப்பிடுவது எந்தப் பாகம்? உருளைக்கிழங்கில்?' இரண்டையும் வேர் என்பவர்கள் பாதிப் பேராவது இருப்பார்கள். உருளை தண்டு என்று ஒரு பிள்ளை சொன்னால் அடுத்து என்ன செய்வீர்கள், யாருமே சொல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று இரண்டு வரி. முன்னறிவுப் பகுதி அவ்வளவுதான்.

ஊட்டி, அறிவியல் ஆசிரியர்: பாடம் தொடங்கும் முன்பே டியூஷன் போகிற பிள்ளைகள் 'தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்' என்று கத்திவிடுகிறார்கள். மற்றவர்கள் வாயே திறப்பதில்லை.

சார், உங்களுக்கு அதிர்ஷ்டம், ஊட்டியில் இருக்கிறீர்கள். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வாயால் பதில் வாங்காதீர்கள். எல்லோரும் ஆளுக்கொரு எண்ணைத் தாளில் எழுதி மடித்து வைக்கட்டும். பிறகு கொதிக்க வைத்து, ஆய்வகத் தெர்மாமீட்டரைப் பின்வரிசைப் பிள்ளை ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள். 100 என்றவர்கள் தெர்மாமீட்டர் பழுது என்பார்கள். இன்னொன்று மாட்டுங்கள், அதுவும் அதையே காட்டும்.

அங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது. 'குக்கர் இல்லாமல் வீட்டில் பருப்பு வேக எவ்வளவு நேரம் ஆகிறது?' என்று கேளுங்கள். இதுவரை பேசாத பிள்ளைகள் பேசுவார்கள், ஏனென்றால் அது அவர்களுக்குத் தெரிந்த சங்கதி. மேட்டுப்பாளையத்தில் அளந்தால் 99-ஐ ஒட்டி வரும் என்று சொல்லி, உயரத்துக்கும் கொதிநிலைக்கும் என்ன உறவு என்று முந்தியவர்களை யோசிக்க விடுங்கள். தேர்வில் என்ன எழுதுவது என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். 'இயல்பான வளிமண்டல அழுத்தத்தில், அதாவது கடல் மட்டத்தில், 100' என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள்.

கூடலூர்: என் வகுப்பில் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிப் பிள்ளைகள், மலையாளம் பேசுகிறவர்கள், ஜார்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். பாதிப் பேருக்கு எதுவுமே தெரியவில்லை டீச்சர்.

தெரியவில்லையா, தமிழில் சொல்லத் தெரியவில்லையா? இதைப் பிரித்துப் பார்க்காமல் குறிப்பு எழுதினால் நன்றாக எண்ணத் தெரிந்த பிள்ளையையும் ஒன்று, இரண்டு என்று எண்ண உட்கார வைத்துவிடுவோம். மொழி தேவைப்படாத சோதனை வையுங்கள்: புளியங்கொட்டையைக் கொட்டி இரண்டு பங்காகப் பிரிக்கச் சொல்வது, குச்சிகளை நீள வரிசையில் அடுக்கச் சொல்வது. கைச்சாடை போதும். பத்துப் பத்தாகக் கட்டுகிற பிள்ளைக்குக் கணக்கு தெரியும், அதற்கு வேண்டியது தமிழ் எண்ணுப்பெயர் மட்டும். குழு வேலையில் அவர்கள் மொழியிலேயே பேசிக்கொள்ளட்டும். முடிவை மட்டும் தமிழில் சொல்ல, தேவையான நாலைந்து சொற்களைப் படத்தோடு பலகையில் எழுதிவைத்துவிடுங்கள். அந்தச் சொற்பட்டியலும் பாடக்குறிப்பில் இடம்பெற வேண்டும்.

குன்னூர்: சீக்கிரம் முடித்துவிடுகிற பிள்ளைகளை என்ன செய்வது? மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க விடுகிறேன்.

எப்போதாவது சரி. தினமும் குட்டி டீச்சர் வேலை என்றால் அந்தப் பிள்ளை எப்போது படிக்கும்? அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பதும் தண்டனைதான். விடையைச் சொல்லி, அந்த விடை வரும்படி கணக்கு எழுதச் சொல்லுங்கள்.

கோத்தகிரி, ஒரு பெற்றோர்: எண்ணும் எழுத்தும் வகுப்பில் என் மகளை 'அரும்பு' என்று போட்டிருக்கிறார்கள். மக்கு என்று அர்த்தமா?

இல்லைம்மா. தொடக்க வகுப்புகளில் எழுத்தும் எண்ணும் வர வேண்டும் என்று தமிழக அரசு 2022-ல் கொண்டுவந்த அந்தத் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்பவை பிள்ளை இப்போது நிற்கிற படிகள். தமிழில் எந்தப் படி, கணக்கில் எந்தப் படி என்று தனித்தனியாகக் கேளுங்கள், அடுத்த மாதமும் போய்க் கேளுங்கள். வருடம் முழுக்க அதே படி என்றால் அப்போது பள்ளியில் உட்கார்ந்து பேச வேண்டியதுதான்.

பந்தலூர்: ஜூன், ஜூலை மழையில் விடுமுறை விட்டு விட்டு வருகிறது. விடுமுறை இல்லாத நாளிலும் தூரத்துப் பிள்ளைகள் வருவதில்லை. குறிப்பில் எழுதியது எதுவும் நடப்பதில்லை. தலைமை ஆசிரியரோ தேதி கேட்கிறார்.

அந்த இரண்டு மாதத்துக்கு வாரத்தில் நான்கு நாளுக்கு மட்டும் பாடம் எழுதுங்கள். ஐந்தாம் நாள் 'விடுபட்டவை' என்று இருக்கட்டும். தொடர் பாடங்களை, அதாவது நேற்றையது தெரியாமல் இன்றையது புரியாது என்கிற வகையை, முடிந்தவரை ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளுங்கள். வடிவங்கள், கதை, அளவை போன்ற தனித்து நிற்கிற பாடங்கள் மழைக்காலத்துக்கு. வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் எந்தப் பாடத்துக்கு வரவில்லை என்பதைக் குறிப்பின் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். கையெழுத்து வாங்கப் போகும்போது அந்த ஓரத்தையும் காட்டுங்கள். தேதி ஏன் நகர்ந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.